வீட்டுக்குள் ஒரு தபாலாபீஸ்

2009, ஜனவரி 13, செவ்வாய்க்கிழமை. அமெரிக்க செனட் சபையின் வெளியுறவுக் கமிட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார் ஹிலாரி கிளிண்டன். அடுத்த வாரம் ஒபாமா அதிபராகப் பதவியேற்கப் போகிறார். அவரது மந்திரி சபையில் ஹிலாரிக்கு வெளியுறவுத் துறை என்று முடிவாகியிருந்தது. பதவியில் உட்காருவதற்கு முன்னால் செனட்டர்கள் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும். அது அங்கே சம்பிரதாயம். டிவி காமிராக்கள் அத்தனையும் அந்த அறையில்தான் இருந்தன.

அதே நாளில் இன்னொரு காரியமும் நடந்தது. அதை எந்தக் காமிராவும் படம் பிடிக்கவில்லை. இன்டர்நெட்டில் ஒரு பெயரைப் பதிவு செய்தார்கள். 'கிளிண்டன் இ-மெயில் டாட் காம்.' வருடத்துக்குச் சில டாலர்கள் கட்டினால் உங்களுக்கும் எனக்கும்கூடக் கிடைக்கிற சமாசாரம். பிரமாதம் ஒன்றுமில்லை.

எட்டு வருடம் முடிவதற்குள், அந்தச் சில டாலர் சமாசாரம் ஓர் அதிபர் தேர்தலின் நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஹிலாரி தோற்றதற்கு அதுதான் காரணமா, இல்லையா என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள்.

சர்வர் விவகாரம் என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். சர்வர் என்றதும் இட்லி, வடை கொண்டுவருகிறவர் ஞாபகம் வந்தால் தப்பில்லை. இந்த சர்வரும் கேட்டதைக் கொண்டுவந்து கொடுக்கிற ஆள்தான். ஆள் இல்லை, ஒரு கம்ப்யூட்டர். அவ்வளவே. அது ஏன் அத்தனை பெரிய பூதமாக வளர்ந்தது? அந்தக் கதையைத்தான் பார்க்கப் போகிறோம்.

*

முதலில் வீட்டைப் பார்த்துவிடலாம்.

நியூயார்க் நகரத்துக்கு வடக்கே சாப்பக்வா என்று ஓர் ஊர். 1999-ல் கிளிண்டன் தம்பதி அங்கே ஒரு வீடு வாங்கினார்கள். 2001-ல் பில் கிளிண்டன் பதவியை விட்டு இறங்கினார். முன்னாள் அதிபர் என்றால் சும்மாவா? அலுவலகம், உதவியாளர்கள், அறக்கட்டளை, அழைப்புகள், கடிதங்கள். அந்த உதவியாளர்களுக்கு இ-மெயில் வசதி வேண்டும் என்பதற்காக 2007 வாக்கில் ஓர் ஆப்பிள் சர்வர் வாங்கினார்கள். சாப்பக்வா வீட்டின் நிலவறையில் கொண்டுபோய் வைத்தார்கள்.

இதில் ஒரு தமாஷ் உண்டு. எட்டு வருடம் அதிபராக இருந்த காலத்தில் தான் அனுப்பிய இ-மெயில்கள் மொத்தமே இரண்டுதான் என்று பின்னாளில் பில் கிளிண்டன் சொல்லியிருக்கிறார். அப்பேர்ப்பட்டவர் வீட்டு நிலவறையில் ஒரு தபாலாபீஸ்!

வீட்டுக்குள் தபாலாபீஸ் என்றால் கஷ்டமான வேலையாயிற்றே என்று நினைக்காதீர்கள். இ-மெயிலைக் கண்டுபிடித்தவர்கள் அதை அப்படி அமைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் ஒரு மதிய நேரத்தில் சொந்தமாகத் தபாலாபீஸ் திறந்துகொள்ளலாம் என்கிற மாதிரிதான் அமைத்தார்கள். அனுமதி வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம்.

1982 ஆகஸ்டில், தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த ஜான் போஸ்டெல் என்கிற தாடிக்காரர், தபால் கொடுக்கிற முறையை எழுதி வெளியிட்டார். எஸ்.எம்.டி.பி. என்று பெயர். அதில் 'எஸ்' என்ற எழுத்துக்கு எளிமை என்று அர்த்தம். நிஜமாகவே எளிமைதான். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றின் 25-ம் எண் கதவைத் தட்டும். உள்ளேயிருந்து வணக்கம் வந்ததும், தட்டியது பதில் வணக்கம் சொல்லி, தன் பெயரைச் சொல்லும். சரி, சொல்லு என்று பதில் வரும். இன்னாரிடமிருந்து தபால். சரி. இன்னாருக்கு. சரி. இதோ கடிதம். எல்லாம் கொடுத்து முடித்ததும், தனி வரியில் ஒரே ஒரு புள்ளி. வாங்கிக்கொண்டேன், போய் வா. முடிந்தது வேலை.

இன்றைக்கும், இந்த நிமிஷம் உங்களுக்கு வருகிற இ-மெயில்களின் பின்னால் பெரும்பாலும் இதே உரையாடல்தான் நடக்கிறது.

சரி, எந்தக் கதவைத் தட்டுவது என்று எப்படித் தெரியும்? அதற்கு 1986 ஜனவரியில் கிரேக் பார்ட்ரிட்ஜ் என்பவர் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் இன்டர்நெட்டில் ஒரு பொது அறிவிப்புப் பலகை இருக்கிறதல்லவா? அதில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். 'இந்தப் பெயருக்கு வருகிற தபாலை இன்ன கம்ப்யூட்டரில் கொடுக்கவும். அது படுத்துவிட்டால் இன்னொன்றில் கொடுக்கவும்.' இந்த வரிக்கு எம்.எக்ஸ். என்று பெயர். உலகத்தின் எந்த மூலையிலிருந்து கடிதம் புறப்பட்டாலும், முதலில் அந்தப் பலகையைப் பார்க்கும். அங்கே சொல்லியிருக்கிற வாசலுக்குப் போய்ச் சேரும்.

கவனித்தீர்களா? பலகையில் என்ன எழுதுவது என்பதைத் தீர்மானிப்பது பெயரின் சொந்தக்காரர். கம்பெனி பெரிதா, சிறிதா என்கிற கேள்வியே கிடையாது. ஐம்பதாயிரம் பேர் வேலை பார்க்கிற கம்பெனிக்கும் அதே ஒரு வரிதான். மூன்று பேர் உட்கார்ந்து கணக்கெழுதுகிற ஆபீஸுக்கும் அதே ஒரு வரிதான். தபால் உலகத்தில் அப்படியொரு சமத்துவம் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

ஆக, ஒரு பெயர். ஒரு கம்ப்யூட்டர். மாறாத ஓர் இன்டர்நெட் எண். திறந்து வைத்த 25-ம் எண் கதவு. பலகையில் ஒரு வரி. இத்தனையும் இருந்தால் சாப்பக்வா நிலவறைக்கும் உலகத் தபால் வந்து சேர்ந்துவிடும்.

சேர்ந்தது.

*

ஹிலாரி ஏன் அரசாங்க இ-மெயிலை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டார்?

சௌகரியத்துக்காக, ஒரே கருவியில் எல்லாம் பார்த்துக்கொள்வதற்காக என்று அவர் பிறகு சொன்னார். பிளாக்பெரி போன் இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. ஆனால் வெளியுறவு அமைச்சரின் அலுவலகம் இருக்கும் பகுதி ஒட்டுக்கேட்க முடியாதபடி பாதுகாக்கப்பட்ட இடம். உள்ளே பிளாக்பெரி கூடாது. பாதுகாப்பான ஸ்பெஷல் போன் ஏதாவது கொடுங்கள் என்று அவருடைய ஆட்கள் கேட்டுப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை.

2009 மார்ச்சில் நிலவறைக்குப் புது சர்வர் வந்தது. 2008-ல் ஹிலாரி கட்சி வேட்பாளர் ஆவதற்காக நடத்திய பிரச்சாரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர்தான் அதைச் சேர்த்துக் கட்டினார். மைக்ரோசாப்ட்டின் எக்ஸ்சேஞ்ச் என்கிற தபால் சாப்ட்வேர். சின்ன ஆபீஸ்களில் அந்தக் காலத்தில் சர்வசாதாரணமாக இருந்தது. போகிற வழியில் யாரும் கடிதத்தைப் படிக்காமல் இருக்க ஒரு டிஜிட்டல் சான்றிதழ் தேவை. ஜனவரியில் வாங்கிய பெயருக்கு அந்தச் சான்றிதழ் மார்ச் கடைசியில்தான் வந்தது.

பெயர் ஜனவரியில், பூட்டு மார்ச்சில். வீட்டைக் கட்டி, குடித்தனம் வைத்து, பிறகு சாவகாசமாகத் தச்சரைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாள் போடச் சொல்கிற கதை.

அதிலிருந்து நாலு வருடம் இந்த ஏற்பாடு ஓடியது. அந்த நாலு வருடத்தில், சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருக்கிற எந்தச் சின்ன ஆபீஸும் படக்கூடிய அத்தனை பாடுகளையும் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பட்டார். இதுதான் இந்தக் கதையில் என்னை அசத்திய விஷயம். உலகத்தின் மிகச் செல்வாக்கான பதவிகளில் ஒன்று. ஆனால் 25-ம் எண் கதவுக்குச் செல்வாக்கு தெரியாது.

*

முதல் தொல்லை 2010 நவம்பரில் வந்தது. ஹிலாரி தன் துறை ஊழியர்களுக்கு அனுப்புகிற கடிதங்கள் போய்ச் சேரவில்லை. யோசித்துப் பாருங்கள். அமைச்சர் தன் சொந்தத் துறைக்குக் கடிதம் எழுதுகிறார். அந்தத் துறையின் கம்ப்யூட்டர், 'யாரம்மா நீ?' என்று கேட்கிறது.

காரணம் புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். போஸ்டெல் எழுதிய உரையாடலில் ஒரு பெரிய மனசு இருந்தது. தட்டுகிறவர் என்ன பெயர் சொன்னாலும் நம்பிவிடும். 1982-ல் அது தப்பில்லை. அந்த வலையில் இருந்தவர்கள் எல்லாம் பல்கலைக்கழகங்கள், ராணுவ ஆராய்ச்சிக் கூடங்கள். ஒருவருக்கொருவர் கிட்டத்தட்டத் தெரிந்தவர்கள்.

அந்த நம்பிக்கைக்குச் சின்னக் கீறல் அதற்கு முன்பே விழுந்திருந்தது. 1978 மே மாதம் கேரி தூர்க் என்கிற மார்க்கெட்டிங்காரர், தன் கம்பெனியின் புதுக் கம்ப்யூட்டரைப் பார்க்க வாருங்கள் என்று சுமார் 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். திட்டு வாங்கினார். ஆனால் கம்ப்யூட்டர்கள் விற்றன என்பதும் அவர் சொன்ன கணக்கு. அது போதாதா? தொண்ணூறுகளில் இன்டர்நெட் கடைத்தெருவுக்கு வந்ததும் விளம்பரக் கடிதங்கள் வெள்ளமாக வந்தன.

அப்போது இன்னொரு வழக்கமும் இருந்தது. யாருடைய தபாலை யாரிடம் கொடுத்தாலும், எந்த சர்வரும் வாங்கி உரிய இடத்துக்கு அனுப்பிவைக்கும். பக்கத்து ஊருக்குப் போகிறவரிடம், இதை அங்கே போட்டுவிடுங்கள் என்று கடிதம் கொடுப்போமே, அந்த மாதிரி ஒத்தாசை. ஸ்பாம் அனுப்புகிறவர்கள் அந்த ஒத்தாசையைப் பிடித்துக்கொண்டார்கள். ஊர் பேர் தெரியாத சின்ன ஆபீஸின் சர்வர் ராத்திரியோடு ராத்திரியாக ஆயிரக்கணக்கான குப்பைக் கடிதங்களைச் சுமக்கும். காலையில் கெட்ட பெயர் அந்த ஆபீஸுக்கு.

1997-ல் பால் விக்ஸியும் அவர் நண்பர்களும் ஒரு கறுப்புப் பட்டியல் ஆரம்பித்தார்கள். குப்பை வருகிற சர்வர்களின் எண்கள் அதில் ஏறும். பட்டியலில் இருப்பவர்களிடம் தபால் வாங்காதீர்கள். 1998-ல், அப்போது மிகப் பரவலாக இருந்த சென்ட்மெயில் என்கிற சாப்ட்வேரே ஊரார் தபாலைச் சுமக்கிற வழக்கத்தை நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த சல்லடைகள் கொஞ்சநஞ்சமல்ல. நீ சொல்கிற பெயரும் உன் எண்ணும் பொருந்துகிறதா? உன் கடிதத்தில் முத்திரை இருக்கிறதா? இதற்கு முன்னால் உன்னிடமிருந்து எத்தனை கடிதம் வந்திருக்கிறது?

விளைவு என்ன? தபாலை வாங்குவது பழையபடியே சுலபம். கதவைத் திறந்து வைத்தால் வந்துவிடும். ஆனால் நம் கடிதத்தை அடுத்தவர் வாங்கிக்கொள்வது அவர்கள் தயவு. பெரிய கம்பெனிகளின் சர்வர்கள் தினமும் கோடிக்கணக்கில் அனுப்புவதால் தெரிந்த முகம். சின்ன ஆபீஸின் தனி சர்வர், தெரியாத முகம். தெரியாத முகம் என்றால் சந்தேகக் கேஸ்.

வெளியுறவுத் துறையின் சல்லடைக்கு, சாப்பக்வா நிலவறையிலிருந்து வந்த கடிதமும், லாட்டரியில் பத்து லட்சம் டாலர் விழுந்திருக்கிறது என்று வந்த கடிதமும் ஒரே ஜாதியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு வழிகள் இருந்தன. அரசாங்க முகவரி வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது உங்கள் முகவரியைத் துறைக்குத் தெரியப்படுத்துகிறோம் என்று உதவியாளர் எழுதினார். தனி முகவரியோ கருவியோ வாங்கலாம், ஆனால் சொந்தக் கடிதங்களை மற்றவர்கள் பார்த்துவிடக் கூடாது என்பது ஹிலாரியின் பதில். கடைசியில் அரசாங்க முகவரி வாங்கவே இல்லை. மாறாக, துறையின் தொழில்நுட்ப ஊழியர்கள் தங்கள் பாதுகாப்பு சாப்ட்வேரின் சில பகுதிகளைக் கொஞ்ச நாளைக்கு அணைத்து வைத்தார்கள்.

ஒரு விருந்தாளிக்காக வாட்ச்மேனைத் தூங்கச் சொல்கிற வேலை.

இரண்டாவது தொல்லை 2011 ஜனவரி 9-ம் தேதி. சர்வரைப் பார்த்துக்கொண்ட பில் கிளிண்டனின் உதவியாளருக்கு, யாரோ உள்ளே நுழைய முயல்கிறார்கள் என்று தோன்றியது. உடனே சர்வரை அணைத்தார். அன்றைக்கே மறுபடியும் தாக்குதல். மறுபடியும் சில நிமிஷங்களுக்கு அணைத்தார். பெரிய ஆபீஸ் என்றால் இதற்கென்று ஒரு பட்டாளமே இருக்கும். இங்கே ஆயுதம், சுவிட்ச் ஒன்றுதான்.

மூன்றாவது, இயற்கை. 2012 அக்டோபர் கடைசியில் சாண்டி புயல் நியூயார்க் வட்டாரத்தைப் புரட்டியெடுத்தது. நிலவறை சர்வரும் சில நாள் படுத்துவிட்டது. இந்த இடத்தில் போஸ்டெலுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். தபால் கொண்டுவருகிற கம்ப்யூட்டர், கதவு திறக்கவில்லை என்றால் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாது. தன்னிடமே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வந்து தட்டும். நாலைந்து நாள்வரை தட்ட வேண்டும் என்பது இன்றும் இருக்கிற சம்பிரதாயம்.

*

இவையெல்லாம் தொழில்நுட்பத் தொல்லைகள். காசு செலவழித்தால் தீரும். நாலாவது தொல்லை அப்படிப்பட்டதல்ல.

நான் காமர்ஸ் படித்தவன். இன்வர்டு ரிஜிஸ்டர், அவுட்வர்டு ரிஜிஸ்டர் என்று இரண்டு நோட்டுகளைப் பற்றி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் வேலை பார்க்கிற இடத்திலும் இருக்கும். வருகிற தபாலுக்கு நம்பர் போட்டு, தேதி போட்டு, யாரிடமிருந்து, என்ன விஷயம், யாருக்கு அனுப்பப்பட்டது என்று எழுதுவார்கள். சலிப்பான வேலை. ஆனால் அதற்குள் ஒரு தத்துவம் இருக்கிறது. மேனேஜர் பெயருக்கு வந்தாலும், கடிதம் மேனேஜருடையதல்ல. ஆபீஸுடையது. அவர் நாளைக்கு மாற்றலாகிப் போவார். நோட்டு இருக்கும்.

மெயில் சர்வர் என்பதைத் தபால் பெட்டி என்று எல்லாரும் நினைக்கிறோம். உண்மையில் அது இன்வர்டு ரிஜிஸ்டர். என்ன வந்தது, எப்போது வந்தது, என்ன பதில் போனது என்கிற மொத்தக் கணக்கும் அதில்தான் இருக்கிறது. சர்வர் யார் வீட்டில் இருக்கிறதோ, ரிஜிஸ்டர் அவர் வீட்டில் இருக்கிறது.

அமெரிக்காவில் அரசாங்க ஆவணங்களைப் பாதுகாக்க 1950 முதல் சட்டம் இருக்கிறது. வேலை சம்பந்தமான கடிதம் எந்த முகவரியில் வந்தாலும் அரசாங்க ஆவணம்தான். ஆனால் அமைச்சரின் ரிஜிஸ்டர் சாப்பக்வாவில் இருந்தது. 2010 கடைசியில் வெளியுறவுத் துறை ஊழியர்கள் இரண்டு பேர் இதைப் பற்றித் தங்கள் மேலதிகாரியிடம் கவலை தெரிவித்தார்கள். அமைச்சரின் இ-மெயில் ஏற்பாடு பற்றி இனிமேல் வாயைத் திறக்காதீர்கள் என்று அவர்களுக்குப் பதில் கிடைத்ததாகப் பின்னாளில் துறையின் தணிக்கை அதிகாரி எழுதினார். கப்சிப்.

ஹிலாரிக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த காலின் பவலும் சொந்த இ-மெயில் உபயோகித்தவர்தான், அவரும் பதவியை விட்டுப் போகும்போது கடிதங்களை ஒப்படைக்கவில்லை என்று அதே அறிக்கை சொல்கிறது. ஆனால் அவர் உபயோகித்தது ஊரார் தபாலாபீஸ். ஹிலாரியிடம் இருந்தது சொந்தத் தபாலாபீஸ்.

*

2013 பிப்ரவரியில் ஹிலாரி பதவியிலிருந்து விலகினார். ரகசியம் மார்ச்சில் கசிந்தது. அதுவும் எப்படி? சாப்பக்வா சர்வரை யாரும் உடைக்கவில்லை. 'கூசிஃபர்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு ருமேனிய ஹேக்கர், ஹிலாரியின் நண்பர் ஒருவருடைய ஏ.ஓ.எல். கணக்கைத் திறந்துவிட்டார். உள்ளே ஹிலாரிக்கு அந்த நண்பர் எழுதிய கடிதங்கள். அவற்றின் தலையில் அந்தத் தனி முகவரி.

காமர்ஸ்காரர்களுக்கு இது உடனே புரியும். இரட்டைப் பதிவு முறை! ஓர் இடத்தில் பற்று என்றால் இன்னோர் இடத்தில் வரவு இருந்தே தீரும். ஒருவருடைய அவுட்வர்டு, இன்னொருவருடைய இன்வர்டு. உங்கள் நோட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம். எதிராளியின் நோட்டை என்ன செய்வீர்கள்?

2012 செப்டம்பர் 11-ல் லிபியாவின் பெங்காசியில் அமெரிக்கத் தூதர் உள்பட நாலு பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். அதை விசாரிக்க 2014-ல் நாடாளுமன்றக் கமிட்டி ஒன்று உட்கார்ந்தது. அமைச்சரின் கடிதங்களைக் காட்டுங்கள் என்றார்கள். துறையின் ரிஜிஸ்டரைப் புரட்டினால், அமைச்சருக்கென்று அங்கே ஒரு கணக்கே இல்லை.

2014 டிசம்பரில் ஹிலாரியின் வக்கீல்கள் சுமார் 30,000 கடிதங்களை அரசாங்கத்திடம் கொடுத்தார்கள். காகிதத்தில் அச்சடித்து, சுமார் 55,000 பக்கங்கள். கிட்டத்தட்ட அதே அளவு கடிதங்கள் சொந்த விஷயம் என்று ஒதுக்கப்பட்டன. எது ஆபீஸ், எது வீடு என்று பிரித்தது யார்? அவர்களே.

2015 மார்ச் 2-ம் தேதி நியூயார்க் டைம்ஸ் விஷயத்தை உடைத்தது. மார்ச் 4-ம் தேதி, எதையும் அழிக்காமல் ஒப்படையுங்கள் என்று கமிட்டியிடமிருந்து சம்மன் வந்தது. அந்த மாதக் கடைசியில், சர்வரைப் பராமரித்த கொலராடோ கம்பெனியின் ஊழியர் ஒருவர், பழைய கடிதங்களை அழிக்கச் சொல்லி டிசம்பரிலேயே தனக்கு வந்த வேலையை மறந்துவிட்டோமே என்று திடீரென்று ஞாபகம் வந்து, உட்கார்ந்து அழித்தார். எஃப்.பி.ஐ.யிடம் அவர் கொடுத்த விளக்கம் அது. எந்தப் பெரிய ஊழலையும்விட, ஒரு மறதிக்காரரின் சுறுசுறுப்பு சந்தேகத்தைக் கிளப்பிவிடும்.

எஃப்.பி.ஐ. ஒரு வருடம் துருவியது. அவர்களுடைய டைரக்டர் ஜேம்ஸ் கோமி 2016 ஜூலை 5-ல் முடிவை அறிவித்தார். ஒப்படைத்தவற்றில் 110 கடிதங்களில், அனுப்பும்போதே ரகசியமாக இருந்த தகவல்கள் இருந்தன. மிகுந்த கவனக்குறைவு, ஆனால் வழக்குப் போடும் அளவுக்கு இல்லை என்றார். ஒப்படைக்கப்படாத அலுவல் கடிதங்களும் சில ஆயிரம் அகப்பட்டன. எங்கிருந்து? பழைய சர்வரின் மூலைமுடுக்குகளிலிருந்து கொஞ்சம். மற்ற அதிகாரிகளின் இன்வர்டிலிருந்து கொஞ்சம். மறுபடியும் இரட்டைப் பதிவு.

அதோடு முடிந்ததா? அக்டோபர் 28, தேர்தலுக்கு 11 நாள் முன்னால், இன்னும் சில கடிதங்கள் கிடைத்திருக்கின்றன என்று கோமி நாடாளுமன்றத்துக்கு எழுதினார். ஹிலாரியின் உதவியாளர் ஒருவருடைய கணவரின் லாப்டாப்பில் அவை இருந்தன. நவம்பர் 6-ல், புதிதாக ஒன்றுமில்லை என்று மறு கடிதம். நவம்பர் 8-ல் தேர்தல். பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் ஆகிய மூன்று மாநிலங்களையும் சேர்த்து 80,000-க்கும் குறைவான ஓட்டில் டிரம்ப் தட்டிக்கொண்டு போனார். அந்த மூன்றும் போனதில் வெள்ளை மாளிகையும் போனது.

*

இத்தனைக்கும், அந்த நிலவறை சர்வர் ஹேக் செய்யப்பட்டதற்கு நேரடி ஆதாரம் எதையும் எஃப்.பி.ஐ. கண்டுபிடிக்கவில்லை. நடந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார்கள். மாறாக, 2014-ல் ஹேக்கர்கள் நுழைந்ததால் தன் இ-மெயிலைச் சில நாள் மூடிவைத்தது வெளியுறவுத் துறைதான். 2016 மார்ச்சில், ஹிலாரி பிரச்சாரத்தின் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்குக் கூகுள் அனுப்பிய மாதிரி ஒரு போலி எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்த ஒரு கடிதத்தில் அவருடைய ஜிமெயில் கணக்கு முழுக்கப் பறிபோய், அக்டோபரில் விக்கிலீக்ஸில் கடைவிரிக்கப்பட்டது. உலகத்தின் மிகப் பெரிய தபாலாபீஸ்களில் ஒன்று அது.

எனவே, சின்ன சர்வர் ஆபத்து, பெரிய சர்வர் பத்திரம் என்று இந்தக் கதைக்கு நீதி எழுத முடியாது. ஹிலாரியைக் கவிழ்த்தது கம்ப்யூட்டரின் அளவு அல்ல. ரிஜிஸ்டர் யாருடையது என்கிற கேள்விக்கு அவரிடம் நல்ல பதில் இல்லை. 2015 செப்டம்பரில், அது தப்புத்தான், மன்னிக்க வேண்டும் என்று சொன்னார். அதற்குள் கேள்வி அவரைத் தாண்டிப் போய்விட்டது.

2014 நவம்பரில், அதாவது விஷயம் வெடிப்பதற்கு முன்பே, அமெரிக்கா சட்டத்தைத் திருத்தியிருந்தது. அதிகாரி யாராவது சொந்த முகவரியில் அலுவல் கடிதம் எழுதினால் 20 நாளுக்குள் அதன் பிரதியை அரசாங்கக் கணக்குக்கு அனுப்பியாக வேண்டும். 2019-ல் வெளியுறவுத் துறை தன் விசாரணையை முடித்தது. 38 பேர், 91 விதிமீறல்கள். திட்டமிட்டு ரகசியத்தைக் கசியவிட்டதாகத் தெரியவில்லை என்று அறிக்கை முடிந்தது. பெயரைப் பதிவு செய்ததிலிருந்து கணக்குப் பார்த்தால் பத்து வருடம்.

இன்றைக்குப் புதிதாக ஒரு சின்ன ஆபீஸ் ஆரம்பிக்கிறவர்கள் நிலவறையில் சர்வர் வைப்பது அபூர்வம். வைத்தாலும், எதிர்ப்பக்கம் வாங்கிக்கொள்ள வேண்டுமே? 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹுவும் சல்லடையை இன்னும் இறுக்கிவிட்டார்கள். கடிதம் நிஜமாகவே அந்தப் பெயரிலிருந்துதான் வருகிறது என்பதற்குச் சான்று வேண்டும், இல்லாவிட்டால் வாசலோடு சரி. எனவே மாதச் சந்தா கட்டி, பெரிய கம்பெனியின் தபாலாபீஸில் ஒரு பெட்டி வாங்கிக்கொள்கிறோம். நிம்மதி.

ஆனால் இன்வர்டு ரிஜிஸ்டர் விஷயம் அப்படியே இருக்கிறது. உங்கள் ஆபீஸிலேயே கேட்டுப் பாருங்கள். கம்பெனிப் பெயரை யார் பெயரில் பதிவு செய்திருக்கிறார்கள்? பாஸ்வேர்டு யாரிடம்? ஆர்டரும் பில்லும் எந்த முகவரிக்கு வருகின்றன? கம்பெனி முகவரிக்கா, மேனேஜரின் சொந்த ஜிமெயிலுக்கா? அவர் நாளைக்கு வேலையை விட்டால், மூன்று வருடத்துக் கடிதங்கள் யாரோடு போகும்?

பதில் சொல்ல யாராவது தயங்கினால், அந்த வாரமே உட்கார்ந்து சரி செய்துவிடுங்கள். ஆகிற செலவு, அன்றைக்கு ஹிலாரி வீட்டில் ஆன அளவுதான். வருடத்துக்குச் சில டாலர்கள்.